பாறைக்குப் போன பெருநாள்

ஸுலைஹா பிடிவாதக்காரி என்று கலகெதரயில் யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் குரல் உயர்ந்து பக்கத்து வீட்டுச் சித்தி றலியாவுக்குக்கூடக் கேட்டதில்லை. சித்தி றலியாவோ, சுவருக்கு இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று சொல்லிவிடக்கூடிய பெண். அப்படி வாயில்லாப் பூச்சியாக இருந்த ஸுலைஹா, ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரே ஒரு தடவை பிடிவாதம் பிடித்தாள். அதுவும் எதற்கு? வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒரு பாறைக்குப் போவதற்கு.

கணவர் தாஜுதீனுக்குக் கண்டி குருநாகல் வீதியில் புடவைக்கடை. நல்ல மனிதர், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, கடையைத் தவிர. நோன்பு மாதம் பிறந்தால் மனிதரைக் கண்ணால் காண முடியாது. கடைசிப் பத்து நாட்களில் ஊர் முழுக்கப் பெருநாள் உடுப்புக்கு வந்து கடையில் மொய்க்கும். பிறை கண்ட பிறகும் ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். பெருநாள் காலையில் அவர் கண் சிவக்க வந்து, குளித்து, தொழுகைக்குப் போய், திரும்பி வந்து விழுந்தாரென்றால் பொழுது பட்டு மஃரிபுக்குத்தான் எழும்புவார். கல்யாணமான நாள் தொட்டு ஸுலைஹாவின் பெருநாள், குறட்டை விடும் புருஷனுக்குக் காவல் இருப்பதுதான். விற்காமல் மிஞ்சிய சேலைகளில் ஒன்று அவளுக்கு வரும். அவள் அலுமாரி அந்தச் சேலைகளால் நிரம்பி, கதவு மூட முடியாமல் கிடந்தது.

முதல் வருஷம் மட்டும் வேறு மாதிரி நடந்தது. அந்தப் பெருநாளன்று தாஜுதீன் தூங்கவில்லை. புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, மிளகுக் கொடிகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே அரை மணி நேரம் ஏறி, அந்தப் பாறைக்குப் போனார். மேலே போனால் தட்டையான கருங்கல். மழைக் காலமென்றால் ஒரு ஓரமாகத் தண்ணீர் வழிந்தோடும். அங்கிருந்து பார்த்தால் மலை முடிந்து, குருநாகல் பக்கத்துச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும். வாழை இலையில் கட்டிக்கொண்டுபோன வட்டிலப்பத்தை இருவரும் கையால் பிய்த்துத் தின்றார்கள். இனி ஒவ்வொரு பெருநாளும் இங்கேதான் என்று அவர் சொன்னார். அதோடு சரி. மறுவருஷம் கடை பெரிதாகிவிட்டது.

இந்த வருஷம் என்ன தோன்றிற்றோ, வருஷப் பிறப்பிலேயே சொல்லி வைத்தார், பெருநாளன்று கட்டாயம் பாறைக்குப் போவோம் என்று. ஸுலைஹா நம்பவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஆசைப்பட்டாள். ஜூலை இருபதாம் தேதி பகல், யாரோ ஒரு மணப்பெண்ணின் தாய்க்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், விரித்த சேலை மேலேயே கவிழ்ந்து மௌத்தாகிப் போனார்.

ஸுலைஹா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல், நகை நட்டு, நிறச் சேலை, பூச்சு எதுவும் இல்லாமல் இருக்கும் காலம் அது. எங்கள் பக்கத்தில் அதற்கு வெள்ளை உடுப்பு. பின் அறையைப் பெருக்கிப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அந்த ஜன்னலுக்கு நேரே பலா மரம், மரத்துக்கு மேலே பாறை.

முதல் மாதம் அவள் அந்தப் பாறையைப் பார்க்கவே இல்லை. பார்த்தாலே நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாத ஒரு கோபம். தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் துஆவுக்கு வார்த்தை வராது, அழுகைதான் வரும். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், இரவு முழுக்கப் பெய்த மழை சுபஹோடு விட்டது. ஜன்னலைத் திறந்தாள். ஈரப்பாறை மேல் வெயில் பட்டு அது முழுக்கப் பளபளத்தது. ஓரத்தில் வெள்ளை நூலாகத் தண்ணீர். பலா மரத்தில் ஒரு செண்பகப் பறவை அடித்தொண்டையில் ஊம் ஊம் என்று கூப்பிட்டது. அவள் வாய் தன்பாட்டில் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது, புருஷன் போனதிலிருந்து அந்த வார்த்தையை மனதோடு சொன்னது அதுதான் முதல் தடவை என்று. அன்றைக்கே நிய்யத்து வைத்தாள். இத்தா முடிந்து வீட்டை விட்டு இறங்கும் முதல் எட்டு அந்தப் பாறைக்குத்தான், அங்கே நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழவேண்டும் என்று.

கழிந்த நாட்களுக்குப் புளியங்கொட்டைகளை எண்ணி ஒரு போத்தலில் போட்டாள், அதற்குப் பிறகு தினமும் ஒன்று போட்டு வந்தாள். மாதங்களை ஜன்னல் வழியே பிறை பார்த்தும், பார்க்க முடியாதபோது றம்ஸியாவிடம் விசாரித்தும் எண்ணினாள். றம்ஸியா அவள் மகள், இருபத்து மூன்று வயது, பேராதனையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கணவர் மௌத்தானது பிறை இருபதில். நாலு பிறை கழிந்து பத்து நாள் கூட்டினால் நோன்பு முப்பதில் வந்து நின்றது. அன்றைக்கு மஃரிபோடு இத்தா சரி. மறுநாள் பெருநாள். கணக்கைக் கண்டு ஸுலைஹாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனிதர் சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் இப்படி நாள் பார்த்துப் போயிருக்கிறார் என்று நினைத்தாள்.

பிரச்சினை மகன் நிஸ்தார் உருவத்தில் வந்தது. இப்போது கடை அவன் கையில். அவன் வேறு கணக்கு வைத்திருந்தான். தகப்பன் கடைசியாக அச்சடித்த கடைக் கலண்டரில், ஜூலை இருபதிலிருந்து நாலு மாதம் தாண்டி நவம்பர் இருபது, அதற்கு மேல் பத்து நாள், ஆக நவம்பர் முப்பது என்று சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான். பெருநாளோ இருபத்தாறாம் தேதி வாக்கில் வருகிறது. நடுவில் நிற்பது ஐந்து நாள்.

"இத்தாவ அல்லாஹ் பிறையில எண்ணத்தான் சொன்ன, மகன். ஒங்கட கடைக் கலண்டர்ல இல்ல" என்றாள் ஸுலைஹா. அவள் மகனை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

நிஸ்தார் திகைத்துப்போனான். தான் பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டுத்தான் செய்ததாகச் சொன்னான். கேட்டது உண்மைதான். எத்தனை நாள் என்று கேட்டான், நாலு மாதம் பத்து நாள் என்று அவர் சொன்னார். எந்த மாதம் என்று கேட்க இவனுக்குத் தோன்றவில்லை. கேட்காததைச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. திரும்பப் போய்க் கேள் என்றால், கடையில் சனம் நெரிகிற நேரத்தில் பள்ளிக்குப் போய் வீட்டு விஷயம் பேசிக்கொண்டு நிற்கவா என்று எரிந்து விழுந்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. முதல் வருஷ வியாபாரம், தகப்பன் இல்லாத பயம், தூக்கமில்லாத கண்.

ஆனால் அவன் பயந்தது வியாபாரத்துக்கு அல்ல. றம்ஸியாவின் கல்யாணத்துக்கு.

தெல்தோட்டையில் ஒரு வாத்தியார் பையன். பயிற்சிக் காலத்தில் றம்ஸியாவைப் பார்த்து, முறைப்படி வீட்டில் சொல்லி, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதுதான் தாஜுதீன் மௌத்தானார். றம்ஸியாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் தெல்தோட்டை என்று யாராவது சொன்னால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். நின்றுபோன பேச்சை முடிக்க, பையனின் தாய் ஹவ்வா உம்மா பெருநாளன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்.

இந்த ஹவ்வா உம்மா லேசுப்பட்ட மனுஷி இல்லை. அவரும் விதவை. அவருடைய இத்தா கண்டி மாவட்டம் முழுக்கப் பேர்போனது. இத்தா முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அடுத்த தெருவிலிருந்த அவருடைய கூடப்பிறந்த தங்கை திடீரென்று மௌத்தாகிவிட்டாள். முகம் பார்க்க வாருங்கள் என்று வாகனம் அனுப்பினார்கள். அவர் வாகனத்தைத் திருப்பி அனுப்பினார். ஜனாஸா வீட்டு அழுகை காதில் விழ விழ, அறையை விட்டு இறங்காமல் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் வரும் நாளில் உம்மா இத்தாவை முறித்துக்கொண்டு மலையேறப் போனாள் என்று காதில் விழுந்தால் சம்பந்தம் என்னவாகும் என்று கேட்டான் நிஸ்தார். அது நியாயமான கேள்விதான்.

சித்தி றலியாவும் வந்து உட்கார்ந்து புத்தி சொன்னாள். "கணக்கு எதுவா ஈந்தாத்தான் என்ன? கூட அஞ்சு நாள் இருந்தா நன்மைதானே. அஞ்சு நாள்ல என்ன கொறஞ்சி போகப் போகுது?"

வந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். என்ன குறைந்துவிடப் போகிறது? பெருநாளுக்கு அந்தப் பாறைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் ஸுலைஹாவுக்குத் தெரியும். நிஸ்தார் சமாதானமாக ஒரு வழி சொன்னான். முப்பதாம் தேதி முடிந்ததும் உம்மாவையும் றம்ஸியாவையும் கண்டிக்குக் கூட்டிப்போவான், பெரிய கடைகளில் வேண்டியதை எல்லாம் வாங்கலாம், வெள்ளையைக் கழற்றிவிட்டு நல்ல சேலையாக உடுத்தலாம். இப்போதே ஒரு மாம்பழ நிறச் சேலை எடுத்து வைத்திருந்தான். பாவம், அன்பைச் சேலையாக அல்லாமல் வேறு மாதிரிக் காட்ட அந்தக் குடும்பத்து ஆண்களுக்குத் தெரியாது. அவள் அந்தச் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எனக்குச் சேலை வேண்டாம், மகன் என்றாள்.

நோன்பு இருபத்தொன்பது வந்தது. ஊர் முழுக்கப் பிறை பார்க்கப் பள்ளி மேட்டில் நின்றது. அன்று பிறை கண்டால் மறுநாளே பெருநாள், அவளுடைய கணக்குப்படியே இத்தாவில் ஒரு நாள் மிச்சமிருக்கும். பிறகு பாறையும் இல்லை, பெருநாளும் இல்லை. ஊரெல்லாம் பிறை தெரியட்டும் என்று கேட்க, ஸுலைஹா ஒருத்தி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெரியாமல் இருக்கட்டும் என்று கேட்டாள். கேட்கக் கூடாததைக் கேட்கிறோமோ என்று பயந்துகொண்டேதான் கேட்டாள். இன்னொரு ஆளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. இன்னும் ஒரு நாள் வியாபாரம் கிடைக்குமே என்று கடை வாசலில் நின்ற நிஸ்தார். மேற்கே கருமேகம் அடைத்துக்கொண்டது. கொழும்பிலிருந்தும் பிறை காணவில்லை என்றே வானொலியில் சொன்னார்கள்.

மறுநாள் மஃரிப் பாங்கு கேட்டபோது போத்தலில் நூற்றிருபத்தெட்டுப் புளியங்கொட்டைகள் இருந்தன. ஸுலைஹா நோன்பு திறந்து, தொழுது, பாயைச் சுருட்டி வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்ற றம்ஸியா, இரண்டு கண்ணிலும் நீர் முட்ட ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவங்க திரும்பிப் போனா, நான் என்ன செய்ற, உம்மா?"

அந்த ஒரு கேள்வி நிஸ்தாரின் நூறு பேச்சைவிட வலித்தது. ஸுலைஹா அன்றிரவு புரண்டு புரண்டு படுத்தாள். பிள்ளையின் வாழ்க்கையா, தன் நிய்யத்தா? போகவில்லை என்று மூன்று முறை முடிவு செய்தாள். மூன்று முறையும், கடையில் கவிழ்ந்த மனிதரின் முகம் வந்து முன்னால் நின்றது. அடுத்த பெருநாள், அடுத்த பெருநாள் என்று முப்பது வருஷம் தள்ளிப்போட்ட முகம். எந்த நாளையும் கையில் வைத்துக்கொண்டு தள்ளிப்போட அவளுக்கு இனிப் பயமாக இருந்தது.

பெருநாள் காலை ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். நிஸ்தார் போகும்போது உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸுலைஹா வெள்ளைச் சேலையோடேயே பின் கதவைத் திறந்தாள். குசினியில் றம்ஸியா முதுகைக் காட்டிக்கொண்டு வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸுலைஹா படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"உப்பு எடுத்துக்கிட்டுப் போங்கோ. அட்டை ஈக்கும்."

சின்னத் துணியில் முடிந்த உப்பு. மகள் நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. ஸுலைஹா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே நடந்த கால் சிமெந்தை மட்டுமே அறிந்திருந்தது. ஈர மண்ணில் பட்டதும் உள்ளங்கால் கூசிற்று. பத்து எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. நின்று நின்று ஏறினாள். மிளகுக் கொடிகளிலிருந்து நேற்றைய மழை சொட்டியது. கராம்பு மரத்தடியில் உதிர்ந்து கிடந்த இலைகள் மிதிபட்டு மணந்தன. ஒரு மர அணில் கிளைக்குக் கிளை தாவி அவளுக்கு முன்னாலேயே போயிற்று. எங்கிருந்தோ வாகன ஹோர்ன் கேட்டபோதெல்லாம் மரத்தோடு ஒண்டி நின்றாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சேலை முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். செய்வது சரி என்று தெரிந்தும் ஒளிந்து போக வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது.

மேலே ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. பாறை அப்படியே இருந்தது. அவள்தான் கிழவியாகிவிட்டாள். ஓரத்தில் தண்ணீர் சளசளத்து ஓடியது. குனிந்து கைகால் கழுவி வுழூ எடுத்தாள். அந்தக் குளிர் முழங்கை வரைக்கும் ஏறிற்று. கீழே சமவெளி முழுக்க மூடுபனி, அங்கங்கே தென்னந்தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு கழுகு அவள் கண்ணுக்குக் கீழே வட்டமிட்டது. பறவையை முதுகுப் பக்கமாகப் பார்த்தது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

இரண்டு ரக்அத் தொழுதாள். நெற்றி ஈரக்கல்லில் பட்டபோது எழும்ப மனம் வரவில்லை. முப்பது வருஷம் சேர்த்து வைத்ததை எல்லாம் சொன்னாள். தூங்கிக் கிடந்த புருஷனுக்காக, அவர் கஷ்டப்பட்டு வளர்த்த இரண்டு பிள்ளைகளுக்காக, ஒரு ஜன்னலுக்காக, மழைக்காக, மேகம் மறைத்த பிறைக்காக. கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கடைசியில் கேட்டாள். என் பிள்ளையைக் கைவிட்டுவிடாதே.

ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, கீழே பிரதான வீதியிலிருந்து ஒரு வெள்ளை வான் அவர்கள் ஒழுங்கைக்குள் திரும்புவது தெரிந்தது. வான் அவள் வீட்டு வாசலில் நின்றது.

அஸருக்குப் பிறகு வருவதாகச் சொன்ன ஹவ்வா உம்மா, பின்னேர மழைக்கு முன் மலைப் பாதையைக் கடந்துவிட வேண்டும் என்று சுபஹ் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டுவிட்டிருந்தார். எப்படி இறங்கினாள் என்று ஸுலைஹாவுக்கே தெரியாது. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தாள். வெள்ளைச் சேலை முழுக்கச் சேறு. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. உப்பு முடிச்சு இடுப்பிலேயே இருந்தது, அவிழ்க்க நேரமில்லை.

பின் கதவால் நுழைந்தால் ஒளிந்து வருவதாகும். அவள் சுற்றிக்கொண்டு முன் வாசலாலேயே வந்தாள். கூடத்தில் கதிரையில் ஹவ்வா உம்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நெடிய மனுஷி, கையில் தஸ்பீஹ் மணி. முன்னால் பலகாரத் தட்டு தொடப்படாமல் இருந்தது. சுவரோரமாக றம்ஸியா, முகத்தில் ரத்தமே இல்லாமல். எதிர்ச்சுவரில் கலண்டர், நவம்பர் முப்பதில் சிவப்பு வட்டம். வந்தவர் அதைப் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது.

ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். ஹவ்வா உம்மா அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"இத்தா முடிஞ்சா?" என்று கேட்டார். கோபமில்லாத குரல். அதுதான் கூடுதலாகப் பயமாக இருந்தது.

முடிந்தது என்றாள் ஸுலைஹா. கலண்டரில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார் அவர். அது மகன் போட்டது, நான் பிறையில் எண்ணினேன், நேற்று மஃரிபோடு சரி என்றாள் இவள்.

"எத்தன நாள்?"

"நூத்தி இருபத்தெட்டு."

தஸ்பீஹ் மணி நின்றது. ஹவ்வா உம்மா எதையோ தனக்குள் கூட்டிப் பார்க்கிறவராக, மெதுவாகச் சொன்னார். "நான் நூத்தி முப்பத்திரண்டு நாள் இருந்த. என்ட மகனும் இப்பிடித்தான், கலண்டர்ல எழுதி வெச்ச. நூத்தி முப்பதாம் நாள் என்ட தங்கச்சி பரீதா மௌத்தான."

ஸுலைஹாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிற்று. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒரு மகன், ஒரு கலண்டர், அதே நாலு மாதம், அதே பத்து நாள். தன் கணக்குச் சரியென்றால், அந்த வாகனம் வந்து நின்ற காலையில் இந்த மனுஷியின் இத்தா முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டிருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் இருந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. ஊர் புகழ்ந்த அந்தப் பொறுமை ஒரு கலண்டர்ப் பிழை.

இதை எப்படி ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்வது? சரி என்று சாதித்தால் தன் மானம் நிற்கும், மகளின் சம்பந்தமும் கைகூடும். ஆனால் இந்த மனுஷி இன்று வீட்டுக்கு எதைச் சுமந்துகொண்டு போவார்? ஸுலைஹா மகளைப் பார்த்தாள். றம்ஸியாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் கணக்கு விளங்கிவிட்டது. படித்த பிள்ளை. அவள் கண்ணை மூடி, லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்ல வேண்டாம் என்ற தலையாட்டல்.

"நான்தான் பிழையா எண்ணிட்டேன் போல" என்றாள் ஸுலைஹா. "மகன் சொன்னதுதான் சரியா இருக்கும். எனக்குப் பாறைக்குப் போற ஆச. அவசரப்பட்டுட்டேன்."

பெருநாளும் அதுவுமாக, நன்றி சொல்லித் தொழுத நெற்றி ஈரம் காய்வதற்குள், அவள் சொன்ன முதல் பொய் அது. ஹவ்வா உம்மா அவளை உற்றுப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

நிஸ்தார் பள்ளியிலிருந்து வந்தான். தொழுகை முடிந்து வாப்பாவை அடக்கிய கப்ரடியில் நின்றபோது மனம் கேட்காமல், திரும்பிப் போய் ஹஸரத்தைப் பிடித்து, இந்தத் தடவை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். உம்மாவை இத்தனை நாள் அழ வைத்த வெட்கமும், சம்பந்தம் தப்பிவிட்டது என்ற சந்தோஷமும் சேர்ந்து, உள்ளே யார் எந்த முகத்தோடு நிற்கிறார்கள் என்று பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"உம்மா, நீங்கதான் சரி. பிறை மாசம்தானாம். இங்கிலீஷ் மாசத்துல எண்ணப்படாதாம். நான்தான் உம்மா பிழை" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான்.

நிஸ்தாரின் சிரிப்பு பாதியில் நின்றது. என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஹவ்வா உம்மாவின் கை மடியில் கிடந்தது. தஸ்பீஹ் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்கவும் யாருக்கும் கை வரவில்லை.

அவர் ஸுலைஹாவிடம் கேட்டார். "தெரிஞ்சிக்கிட்டுத்தானே பிழைன்டு சொன்னீங்க?"

ஸுலைஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

"புள்ளட வாழ்க்கையையும் பணயம் வெச்சிக்கிட்டு." அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு றம்ஸியாவைக் கிட்டக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விடவில்லை. சம்பந்தப் பேச்சு என்று அந்த வீட்டில் நடந்தது அவ்வளவுதான். மிச்சத்தை ஆண்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

அவர் பலகாரம் எதுவும் தொடவில்லை. அந்தப் பாறை எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார்.

ஸுலைஹா தடுத்துப் பார்த்தாள், வழுக்கும், அட்டை கடிக்கும், உங்களுக்கு முழங்கால் வலிக்கும் என்று. அவர் எழும்பிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டார். இரண்டு விதவைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறினார்கள். சித்தி றலியா சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள், கேட்க ஒன்றும் கிடைக்காமல் தலையை இழுத்துக்கொண்டாள்.

மேலே பனி கலைந்து சமவெளி பளிச்சென்று கிடந்தது. ஹவ்வா உம்மா அதைப் பார்க்கவில்லை. தெல்தோட்டை எந்தப் பக்கம் என்று கேட்டார். ஸுலைஹாவுக்குச் சரியாகத் தெரியாது. கண்டி இந்தப் பக்கமென்றால் தெல்தோட்டை அதற்கும் அப்பால் இருக்க வேண்டும் என்று யோசித்து, அவர் தோளைப் பிடித்துச் சமவெளிக்கு முதுகு காட்டித் திருப்பி விட்டாள். அங்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மேகம்.

அவர் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரீதா" என்று கூப்பிட்டார், பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடும் குரலில். "அன்டைக்கு எனக்கு வர ஏலும்தான், பரீதா. எண்ணத் தெரியாமப் போச்சு."

ஸுலைஹா அவர் காலடியில் குந்தினாள். அவருடைய கணுக்காலில் மூன்று அட்டைகள் ஏறியிருந்தன. இடுப்பிலிருந்த உப்பை அவிழ்த்து, ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள்.